பள்ளித் துப்பாக்கிச் சூடும் ஆசிரியர் சங்கங்களும்: தடுப்பு எங்கே நடக்கிறது?

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தால் நம்மிடையே இரண்டு பேச்சு உடனே கிளம்பும். ஒன்று, "அங்கே இப்போது டீச்சர்களே துப்பாக்கி வைத்திருக்கிறார்களாமே." இன்னொன்று, "டீச்சர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போனால் குண்டு நின்றுவிடுமா?" முதல் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த ஏற்பாட்டை எதிர்க்கிறார்கள் என்பது அதில் விடுபட்டுப் போகிறது. இரண்டாவது பேச்சு, ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்வது. ஊர்வலம் அவர்கள் வேலையில் ஒரு சிறு பகுதி. மீதி வேலையெல்லாம் பெற்றோர் வீட்டுக்குப் போகும் ஒரு கடிதத்திலும், பணி ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பிரிவிலும், ஓய்வூதிய நிதியின் முதலீட்டுப் பட்டியலிலும், நீதிமன்றத்தில் போடும் மனுவிலும் நடக்கிறது. கேமராக்கள் அங்கே போவதில்லை.

இதைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். துப்பாக்கி ரகங்கள், சட்டப் பிரிவு எண்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். சுட்டவர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆபத்தின் அறிகுறியைக் கவனிப்பது தனி ஆசிரியராலும் முடியும். கவனித்ததன்மேல் யாரையாவது நடவடிக்கை எடுக்க வைக்க வேண்டுமானால், அதற்கு ஆசிரியர்கள் சேர வேண்டியிருக்கிறது.

பள்ளிக்குள் எவ்வளவு, வெளியே எவ்வளவு?

நமக்குத் தெரிந்த பெயர்கள் சில. 1999 ஏப்ரல் 20, கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி: 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். 2012 டிசம்பர் 14, கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி: ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் 20 பேர், பள்ளியில் வேலை பார்த்த பெரியவர்கள் 6 பேர். 2018 பிப்ரவரி 14, ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட்: 17 பேர். 2022 மே 24, டெக்சஸின் யுவால்டி: 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள்.

இவைதான் உலகம் முழுக்கச் செய்தியாகின்றன. ஆனால் இவை மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்தால் ஆசிரியர்கள் கேட்பது எதுவும் புரியாது. 2020 முதல், அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளோர் இறப்பதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான். சாலை விபத்தையும் அது முந்திவிட்டது. அதே சமயம் பள்ளி வயதினர் கொலை செய்யப்படும் சம்பவங்களில் பள்ளிக்குள் நடப்பவை 3 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவை வீட்டிலும் தெருவிலும் நடக்கின்றன.

அதனால்தான் ஆசிரியர்கள் 'துப்பாக்கி வன்முறை' என்று சொல்லும்போது கொலை, தற்கொலை, கை தவறி வெடிப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சனிக்கிழமை தெருவில் சுடப்பட்ட மாணவனின் இடம் திங்கட்கிழமை வகுப்பில்தான் காலியாக இருக்கும். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பாடம் நடத்த வேண்டியவரும் அந்த ஆசிரியர்தான்.

படுக்கையா, தேங்கிய தண்ணீரா?

டெங்குக் காய்ச்சல் முற்றி, தட்டணுக்கள் குறைந்துவிட்டால் மருத்துவமனைப் படுக்கை அவசியம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் டெங்குவைத் தடுப்பது படுக்கை அல்ல. மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத ட்ரம் ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதுதான் தடுப்பு. அதையும் ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்து பயனில்லை. பக்கத்து வீட்டு ட்ரம்மில் பிறந்த கொசு இவர் வீட்டுப் பிள்ளையைத்தான் கடிக்கும். தெரு முழுக்கச் சேர்ந்து செய்தால்தான் பலன்.

பள்ளித் துப்பாக்கிச் சூட்டிலும் படுக்கை வகையைச் சேர்ந்தவை உண்டு. குண்டு துளைக்காத கதவு, நுழைவாயிலில் உலோகச் சோதனைக் கருவி, ஆயுதமேந்திய காவலர், வகுப்பறையைப் பூட்டி ஒளிந்துகொள்ளும் பயிற்சி எல்லாம் அந்த வகைதான். இவற்றில் சில தேவைதான். ஆனால் இவை வேலை செய்யும் நேரத்தில் துப்பாக்கி ஏற்கெனவே பிள்ளையின் கைக்கு வந்துவிட்டிருக்கும். தேங்கிய தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதுதான் ஆசிரியர்களின் கேள்வி. அதற்கான பதில் பல வருடங்களாகவே தெரிந்த ஒன்று.

துப்பாக்கி எங்கிருந்து வருகிறது? யாருக்கு முன்பே தெரியும்?

அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு தரும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பு பள்ளித் தாக்குதல்களையும் ஆராய்கிறது. தாக்குகிறவர் எப்படித் திட்டமிடுகிறார் என்பதை ஆராய்ந்த அனுபவம் அவர்களுக்கு அதிகம். 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை அலசி 2019இல் ஓர் அறிக்கை தந்தார்கள். துப்பாக்கி பயன்பட்ட சம்பவங்களில் சுமார் நான்கில் மூன்றில், அந்தத் துப்பாக்கி பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ வந்தது. பல வீடுகளில் அது பூட்டி வைக்கப்படவே இல்லை.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். கொலம்பைனுக்குப் பிறகு, 2002இல், இதே அமைப்பும் கல்வித் துறையும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பத்தில் எட்டு சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது திட்டம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. பெரும்பாலும் அந்த ஒருவர் நண்பன், வகுப்புத் தோழன், இல்லை தம்பி. இப்படி முன்பே வெளிப்படும் பேச்சு, ஓவியம், கட்டுரை, சமூக ஊடகப் பதிவு ஆகியவற்றைப் புலனாய்வாளர்கள் 'கசிவு' என்கிறார்கள். திடீரென்று வெறி பிடித்துச் சுட்டான் என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் சரியல்ல. நாட்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கசிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சம்பவம் போதும். மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி, 2021 நவம்பர். மாணவனுக்கு வயது 15. 26ஆம் தேதி அப்பா ஒரு கைத்துப்பாக்கி வாங்குகிறார். 29ஆம் தேதி, பையன் வகுப்பில் போனில் தோட்டா தேடிக்கொண்டிருப்பதை ஓர் ஆசிரியர் பார்த்துத் தகவல் சொல்கிறார். பள்ளி வீட்டுக்குப் போன் செய்கிறது. அம்மா மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில், தனக்குக் கோபம் இல்லை என்றும் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதுகிறார். 30ஆம் தேதி காலை, கணக்குத் தாளில் துப்பாக்கியும் குண்டும் ரத்தமும் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, எனக்கு உதவுங்கள் என்று அவன் எழுதியிருப்பதை இன்னோர் ஆசிரியர் பார்க்கிறார். அவரும் தகவல் சொல்கிறார். பெற்றோர் வரவழைக்கப்படுகிறார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போக மறுத்து வேலைக்குத் திரும்புகிறார்கள். பையன் வகுப்புக்கு அனுப்பப்படுகிறான். அவனுடைய பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அதற்குள்தான் இருந்தது. அன்று மதியம் நான்கு மாணவர்கள் செத்தார்கள்.

2024இல் பெற்றோர் இருவரும் கொல்லும் நோக்கமின்றி மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 10 முதல் 15 ஆண்டு சிறைக்குப் போனார்கள். அமெரிக்காவில் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது வேறு. இரண்டு ஆசிரியர்கள், அடுத்தடுத்த நாட்களில், செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார்கள். அவர்கள் பார்த்தார்கள், சொன்னார்கள். அதற்கு மேல் எதுவும் அவர்கள் கையில் இல்லை.

இதுவரை பார்த்தது: துப்பாக்கி பெரும்பாலும் வீட்டிலிருந்து வருகிறது, திட்டம் முன்பே கசிகிறது, கசிவு முதலில் கண்ணில் படும் பெரியவர் பல சமயம் ஆசிரியர்தான்.

தனி ஆள் சொன்னால் என்ன ஆகும்?

2023 ஜனவரி 6, வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் ரிச்நெக் தொடக்கப் பள்ளி. ஆறு வயதுப் பையனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று அன்று ஒரே நாளில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பள்ளி ஊழியர்கள் நிர்வாகத்தை எச்சரித்தார்கள். பையைப் பார்த்தார்கள், அதில் இல்லை. பையனையே சோதிக்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு அனுமதி கிடைக்கவில்லை. மதியம் அந்தக் குழந்தை தன் வகுப்பாசிரியரைச் சுட்டது. குண்டு கையைத் துளைத்து மார்பில் பாய்ந்தது. ஆசிரியர் பிழைத்தார். 2025 நவம்பரில் ஜூரி, அப்போதைய துணைத் தலைமையாசிரியர் மிக மோசமான அலட்சியம் காட்டியதாகத் தீர்ப்பளித்து ஆசிரியருக்கு 1 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது.

எச்சரித்தவர்களுக்கு இருந்தது வாய்ச்சொல் மட்டும். நிர்வாகம் கேட்டால் கேட்கும், இல்லையென்றால் இல்லை. 'ஆசிரியர் எச்சரித்தால் நிர்வாகம் இன்னின்ன நேரத்துக்குள் இன்னின்னதைச் செய்தே ஆக வேண்டும்' என்று எழுத்தில் ஒரு விதி இருந்தால் கதை வேறு. அந்த விதியை எழுத வைக்கத்தான் சங்கம்.

அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆசிரியர் சங்கங்கள் உண்டு. 1857இல் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர். 1916இல் சிகாகோவில் தொடங்கிய அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பில் 17 லட்சத்துக்கும் மேல். சங்கம் என்றதும் நமக்குச் சம்பளமும் இடமாறுதலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சங்கத்தின் உண்மையான பலம் 'கூட்டுப் பேரம்'. ஊழியர்கள் எல்லோர் சார்பிலும் சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் முறை அது. அந்த ஒப்பந்தத்தில் சம்பளத்தை மட்டும்தான் எழுத வேண்டும் என்று இல்லை. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆலோசகர்கள், எத்தனை செவிலியர்கள் என்பதையும் எழுதலாம்.

சிகாகோ ஆசிரியர்கள் 2019 அக்டோபரில் செய்த வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் அது ஒன்று. 11 பள்ளி நாட்கள் வகுப்பு நடக்கவில்லை. முடிவில், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியரையும் ஒரு சமூகப் பணியாளரையும் படிப்படியாகத் தருவதாக நகர நிர்வாகம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இதற்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது பலர் கேட்டார்கள். சம்பந்தம் நேரடியானது. 'எண்ணங்கள் நிற்கவில்லை' என்று எழுதும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி அதைவிட வெகு அதிகம்.

பெற்றோருக்குப் போகும் கடிதம்

என் கணக்கில், ஆசிரியர்களின் முயற்சிகளில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தரக்கூடியது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2015இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் சுமார் 46 லட்சம் குழந்தைகள், குண்டு நிரப்பிய, பூட்டாத துப்பாக்கி ஒன்றாவது இருக்கும் வீட்டில் வளர்ந்தார்கள். கட்டில் பக்கத்து மேசை, அலமாரியின் மேல்தட்டு, காரின் முன்பக்கப் பெட்டி. பிள்ளைக்குத் தெரியாது என்று பெற்றோர் நினைப்பார்கள். பிள்ளைக்குத் தெரியும்.

'பாதுகாப்பாக வைத்தல்' என்றால் மூன்று காரியம்: துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், குண்டுகள் வேறோர் இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். இதில் யாருடைய துப்பாக்கியும் பறிபோவதில்லை. வேட்டைக்குப் போகிறவர், தற்காப்புக்கு வைத்திருப்பவர், துப்பாக்கி உரிமையை உயிராக நினைப்பவர் எல்லோரிடமும் இதைப் பேச முடியும். பள்ளித் தாக்குதலை மட்டுமல்ல, பதின்ம வயதுத் தற்கொலைகளையும் இது தடுக்கும். துப்பாக்கியால் நடக்கும் அத்தகைய தற்கொலைகளிலும் பெரும்பாலும் பயன்படுவது வீட்டுத் துப்பாக்கிதான்.

இரண்டு ஆசிரியர் சங்கங்களும், துப்பாக்கிப் பாதுகாப்புக்காகப் போராடும் எவரிடவுன் அமைப்பும் சேர்ந்து பள்ளி நிர்வாகங்களிடம் ஒன்றைக் கேட்டுவருகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் படிவங்களோடு, துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றி ஒரு கடிதமும் போக வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) முன்னதாகவே இதைத் தொடங்கியது. 2022இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கியது. ஆக்ஸ்ஃபோர்டு சம்பவம் நடந்த மிச்சிகனில், சிறுவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு நேரடி வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம். "உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா?" என்று அந்த வீட்டாரிடம் கேட்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிறார்கள். வேர்க்கடலை ஒவ்வாமை, நீச்சல் குளம் பற்றிக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம். சங்கடமாகத்தான் இருக்கும். யாராவது அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நீதிபதியிடம் போகும் வழி

ஒருவர் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால், நீதிபதியிடம் மனுப் போட்டு அவரிடமிருந்து துப்பாக்கிகளைத் தற்காலிகமாக எடுத்து வைக்கவும், புதிதாக வாங்குவதைத் தடுக்கவும் சில மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. இதைச் 'சிவப்புக் கொடிச் சட்டம்' என்பார்கள். 1999இல் கனெக்டிகட் முதலில் கொண்டுவந்தது. பார்க்லேண்டுக்குப் பிறகு ஃபுளோரிடாவும் சேர்ந்தது. இப்போது 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. பெரும்பாலான இடங்களில் போலீசும் குடும்பத்தாரும்தான் மனுப் போடலாம். 2019இல் நியூயார்க், ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் போடலாம் என்று சட்டம் செய்தது. அப்படிச் செய்த முதல் மாநிலம் அது.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. 2021இல் நியூயார்க் மாநிலத்தின் காங்க்ளின் ஊரில் ஒரு மாணவன், படிப்பு முடிந்து என்ன செய்வாய் என்ற கேள்விக்குக் கொலையும் தற்கொலையும் என்று பதில் எழுதினான். பள்ளி போலீசுக்குச் சொன்னது. போலீஸ் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப்போனது. அப்புறம் விட்டுவிட்டார்கள். சிவப்புக் கொடி மனுவை யாருமே போடவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் அவன் சட்டப்படி கடையில் வாங்கிய துப்பாக்கியோடு பஃபலோ நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் புகுந்து, கறுப்பின மக்கள் பத்துப் பேரைக் கொன்றான். ஆசிரியர்களுக்கு உரிமை கொடுத்தால் மட்டும் போதாது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தரவும் வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பயிற்சி கொடுப்பதும், மனுப் போடுகிற ஆசிரியருக்குப் பின்னால் நிற்பதும் சங்கத்தின் வேலை.

இதோடு சேர்ந்தது 'அச்சுறுத்தல் மதிப்பீடு'. தலைமையாசிரியர், ஆலோசகர், ஆசிரியர், போலீஸ் ஆகியோர் ஒரு குழுவாக உட்கார்ந்து, இந்தப் பிள்ளை சும்மா கோபத்தில் சொன்னதா, நிஜத் திட்டமா என்று விசாரித்து முடிவெடுப்பது. எல்லா அரசுப் பள்ளிகளிலும் இது இருக்க வேண்டும் என்று 2013இல் வர்ஜீனியா முதலில் சட்டம் போட்டது. ஆறு வயதுப் பையன் சுட்ட ரிச்நெக் பள்ளியும் வர்ஜீனியாவில்தான் இருக்கிறது; சட்டம் மட்டும் போதவில்லை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கறுப்பினப் பிள்ளைகளும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் தேவையில்லாமல் சந்தேகத்துக்கு ஆளாகலாம் என்ற கவலை நியாயமானது. தண்டிப்பதற்காக அல்லாமல் உதவுவதற்காகக் கூடும் குழுவாக அது இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒளிந்துகொள்ளும் பயிற்சி

அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேசும் தாத்தா பாட்டி பலர் 'லாக்டவுன்' என்ற சொல்லைக் கொரோனாவுக்கு முன்பே கேட்டிருப்பார்கள். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் சத்தமில்லாமல் உட்காரும் ஒத்திகை அது. அரசுப் பள்ளிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் இதை நடத்துகின்றன.

அமைதியாக, முன்கூட்டிச் சொல்லி நடத்தினால் ஆசிரியர்களுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. பிரச்சினை, நிஜம் போலவே நடத்தும் ஒத்திகைகளில். வெற்றுத் தோட்டா வெடிப்பது, போலி ரத்தம், முகமூடி போட்டவர் கதவை உடைப்பது என்று சில இடங்களில் நடந்தது. 2019 ஜனவரியில் இண்டியானாவின் மான்டிசெல்லோ ஊரில், பயிற்சி என்ற பெயரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை நான்கு நான்கு பேராக ஓர் அறைக்குள் கூட்டிப்போய், சுவரைப் பார்த்து மண்டியிடச் சொல்லி, பின்னாலிருந்து பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டார்கள். காயமும் தடிப்பும் ஏற்பட்டன. வெளியே வரிசையில் காத்திருந்த ஆசிரியர்களுக்கு உள்ளே எழும் அலறல் கேட்டது. நடந்ததை மாநில ஆசிரியர் சங்கம் சட்டமன்றக் குழுவின் முன்னால் கொண்டுபோய் வைத்த பிறகுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. தனி ஆசிரியர் புகார் கொடுத்திருந்தால் மாவட்ட அலுவலகக் கோப்போடு போயிருக்கும்.

2020 பிப்ரவரியில் இரு சங்கங்களும் எவரிடவுனும் சேர்ந்து, முன்னறிவிப்பில்லாத ஒத்திகையும் நிஜம் போன்ற நாடகமும் கூடாது என்று அறிக்கை வெளியிட்டன. அதற்குப் பின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 114 பள்ளிகளைச் சுற்றியுள்ள சமூக ஊடகப் பதிவுகளை, ஒத்திகைக்கு முன் 90 நாள், பின் 90 நாள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மன அழுத்தமும் பதற்றமும் 42 சதவீதம், மனச்சோர்வு 39 சதவீதம் கூடியிருந்தது தெரிந்தது. 2024இல் நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் நிஜம் போல நடிக்கும் ஒத்திகைகளுக்குத் தடை போட்டன.

சுருக்கமாக: ஒத்திகை வேண்டாம் என்பது ஆசிரியர்களின் கோரிக்கை அல்ல. பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் பயமுறுத்தும் ஒத்திகை வேண்டாம் என்பதுதான் கோரிக்கை.

சொந்தப் பணம் எங்கே போகிறது?

சாண்டி ஹூக்கில் பயன்பட்ட துப்பாக்கியின் தயாரிப்பாளர் புஷ்மாஸ்டர். அந்த நிறுவனத்தை வைத்திருந்தது ஃபிரீடம் குரூப். அதன் உரிமையாளர் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனம். செர்பெரஸில் பணம் போட்டிருந்தவர்களில் கலிஃபோர்னியா ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியும் ஒன்று. அதாவது ஆசிரியர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தின் ஒரு துளி, ஆசிரியர்களையும் குழந்தைகளையும் கொன்ற துப்பாக்கியின் தொழிற்சாலையில் இருந்தது. ஓய்வூதிய நிதி கேள்வி எழுப்பியது. சம்பவம் நடந்த நான்காம் நாள் செர்பெரஸ், ஃபிரீடம் குரூப்பை விற்கப்போவதாக அறிவித்தது. விற்பனை உடனே நடந்துவிடவில்லை. ஆனால் அடுத்த மாதமே ஓய்வூதிய நிதி, கலிஃபோர்னியாவில் தடை செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களிலிருந்து விலக முடிவு செய்தது. 2018இல் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு, துப்பாக்கித் தொழிலோடு இருந்த தொடர்புக்காக வெல்ஸ் ஃபார்கோ வங்கியைத் தன் உறுப்பினர்களுக்கான வீட்டுக்கடன் திட்டத்திலிருந்து நீக்கியது.

ஆசிரியர் கையில் துப்பாக்கி

இனி அந்த முதல் பேச்சு. பார்க்லேண்டுக்குப் பிறகு அதிபர் டிரம்ப், ஆசிரியர்களில் 20 சதவீதம் பேருக்கு ஆயுதம் கொடுக்கலாம் என்றார். அடுத்த மாதம் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் ஆசிரியர்களிடமே கேட்டது. 73 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள். போலீஸ் வந்து சேர அரைமணி நேரமாகும் கிராமத்துப் பள்ளியில் வேறு என்ன வழி என்று அவர்கள் கேட்பதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

எதிர்ப்பவர்களின் வாதம் இது. வகுப்பறையில் ஒரு துப்பாக்கி கூடினால், பிள்ளை கைக்கு எட்டக்கூடிய துப்பாக்கி ஒன்று கூடுகிறது. குழப்பத்தில் உள்ளே வரும் போலீசுக்கு, துப்பாக்கியோடு நிற்பவர் ஆசிரியரா தாக்குகிறவரா என்று தெரியாது. பயிற்சி பெற்றவர்களே தடுமாறுகிறார்கள். யுவால்டியில் மொத்தம் 376 போலீஸ்காரர்கள் வந்தும், வகுப்பறைக்குள் புக 77 நிமிடம் ஆனது. அதற்கு அடுத்த மாதம் ஒஹையோ மாநிலம், பள்ளியில் ஆயுதம் வைத்திருக்க ஆசிரியருக்கு 24 மணி நேரப் பயிற்சி போதும் என்று சட்டம் போட்டது. அதுவரை 700 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. அங்குள்ள இரண்டு ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தும் சட்டம் நிறைவேறியது.

டென்னசியிலும் அப்படித்தான். 2023 மார்ச்சில் நாஷ்வில் நகரத்தின் கவனன்ட் பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். சட்டமன்றத்துக்குள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டுக் குரல் எழுப்பிய மூன்று உறுப்பினர்களை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. இருவர் நீக்கப்பட்டார்கள். மூன்றாமவரான குளோரியா ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார். அவர் முன்னாள் ஆசிரியர். 2008இல் நாக்ஸ்வில்லில் ஒரு பள்ளியில் மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 2024இல், ஆசிரியர்கள் மறைவாகத் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற சட்டம் அதே மன்றத்தில் நிறைவேறியது. எந்த ஆசிரியரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்துக்கு வெளியேயும்

எல்லா மாநிலங்களிலும் சங்கத்துக்கு ஒரே பலம் கிடையாது. டெக்சஸில் ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமை இல்லை. டென்னசியில் அது 2011இல் பறிக்கப்பட்டது. அங்கெல்லாம் சிகாகோவைப் போல ஒப்பந்தத்தில் எழுத வைக்க முடியாது. சட்டமன்றத்தில் சாட்சி சொல்வதும், பெற்றோரைத் திரட்டுவதும்தான் வழி.

அந்த இடைவெளியில் 2021இல் ஓர் அமைப்பு தொடங்கியது. பெயர் டீச்சர்ஸ் யூனிஃபை டு எண்ட் கன் வயலன்ஸ். தொடங்கியவர்கள் மூன்று ஆசிரியர்கள். அப்பி கிளெமென்ட்ஸ் சாண்டி ஹூக்கில் இரண்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர். அன்று காலை வெளியே சுடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, பிள்ளைகளைக் கோட்டு மாட்டும் இடத்தில் உட்கார வைத்துப் புத்தகம் வாசித்தும் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடியும் சத்தத்தை மறைக்கப் பார்த்தார். சாரா லெர்னர் பார்க்லேண்டில் ஆங்கில ஆசிரியர். சாரி பெத் ரோசன்பெர்க் நியூயார்க்கில் வரலாறு சொல்லிக்கொடுப்பவர். சம்பவத்துக்கு மறுநாள் தொலைக்காட்சியில் எல்லோரும் பேசுகிறார்கள், ஆசிரியர்களை யாரும் கேட்பதில்லை என்ற ஆதங்கம்தான் தொடக்கம். உயிர் பிழைத்த ஆசிரியர்கள், தெரு வன்முறையில் மாணவர்களை இழந்த ஆசிரியர்கள், எதுவும் நடக்காத பள்ளியில் தினமும் பயந்துகொண்டே கதவைப் பூட்டும் ஆசிரியர்கள் ஆகியோரைப் பேச வைக்கிறார்கள்.

இப்போது எங்கே நிற்கிறது?

2022 ஜூன் 25 அன்று அதிபர் பைடன், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் முதல் பெரிய மத்திய துப்பாக்கிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். யுவால்டி நடந்து ஒரு மாதம். இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய அந்தச் சட்டத்தில், பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை அமர்த்தவும் புதியவர்களைப் பயிற்றுவிக்கவும் 100 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். ஆலோசகரே இல்லாத கிராமப்புற மாவட்டங்களுக்கும் அந்தப் பணம் போய்ச் சேரத் தொடங்கியது. ஆசிரியர் சங்கங்கள் வருடக்கணக்கில் கேட்டு வாங்கியது அது.

2025 ஏப்ரலில் டிரம்ப் நிர்வாகத்தின் கல்வித் துறை, அந்த நிதியைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. பல வருடத் திட்டமாகத் தொடங்கிய வேலை பாதியில் நின்றது. ஆலோசகர்களை ஏற்கெனவே அமர்த்திவிட்ட பள்ளி மாவட்டங்கள், அடுத்த ஆண்டு அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று தேட வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் 16 மாநிலங்கள் சியாட்டில் நகரத்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.